ஸ்ட்ரோலர் சீட் எப்படிச் சாய்கிறது, ஏன் நிமிர மறுக்கிறது

ஸ்ட்ரோலர் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளிப் போகும் வண்டி) வாங்கப் போகிறவர்கள் அடிக்கடி பார்க்கும் வரி, ‘ஒரே கையால் சாய்க்கலாம்’ என்பது. அதோடு ‘நான்கு நிலைகள்’, ‘எந்தக் கோணத்திலும் நிற்கும்’, ‘முழுதாகப் படுக்கும்’ என்றும் எழுதியிருக்கும். இவை பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இவற்றைப் படித்துவிட்டு ஒரு வண்டியைப் பயன்படுத்த எளிது என்று முடிவு செய்தால், வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே ஏமாற்றம் காத்திருக்கும்.

காரணம் சாதாரணமானது. கடையில் நாம் சாய்த்துப் பார்ப்பது காலி சீட். அதுவும் கீழே போகும் திசையில் மட்டும்தான் பார்க்கிறோம். கீழே போவதற்கு யார் உதவியும் தேவையில்லை, எடையே இழுத்துக்கொண்டு போய்விடும். பன்னிரண்டு கிலோ குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்போது, அது விழித்துவிடாமல் அந்த சீட்டை மேலே கொண்டுவருவதுதான் கஷ்டமான வேலை. சாய்க்கும் அமைப்பு எளிதா இல்லையா என்பதை அங்கேதான் அளக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். பெரிய பொறியியல் எதுவும் இதில் இல்லை.

## புஷ்பேக் சீட்டிலிருந்து தொடங்குவோம்

தொலைதூரப் பேருந்தின் புஷ்பேக் சீட் எல்லோருக்கும் தெரியும். பட்டனை அழுத்தி முதுகால் தள்ளினால் சாய்கிறது. நிமிர வேண்டுமென்றால் பட்டனை அழுத்திக்கொண்டு நாம் சற்று முன்னால் நகர்கிறோம், சீட் தானாக எழுந்து முதுகைத் தொடுகிறது. எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எளிமைக்குக் காரணம் சீட் மட்டும் இல்லை. சீட் எழும் நேரத்தில் நம் எடையை அதன்மேலிருந்து எடுத்துவிடுகிறோம். ஸ்பிரிங் தூக்குவது வெறும் பலகையையும் பஞ்சையும்தான்.

தூங்கும் குழந்தை அப்படி முன்னால் நகர்ந்து கொடுக்காது. விழித்திருக்கும் குழந்தையும் பெல்ட்டுக்குள் இருக்கிறது, சொன்னாலும் புரிந்துகொண்டு ஒத்துழைக்கும் வயது இல்லை. ஆக, சாய்மானத்தையும் (சீட்டில் முதுகு படும் பகுதியை இனி இப்படியே சொல்கிறேன்) அதன்மேல் கிடக்கும் உடலையும் சேர்த்து வெளியே நிற்கும் பெரியவர்தான் தூக்க வேண்டும்.

## எடை எங்கே போய் உட்காருகிறது

குழந்தை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது அதன் எடை ஏறக்குறைய முழுவதும் அடிப்பலகையில் இறங்குகிறது. சாய்மானத்துக்கு அதிக வேலை இல்லை. சாயச் சாய, தலை, தோள், மார்பு ஆகியவற்றின் எடை அடிப்பலகையிலிருந்து சாய்மானத்துக்கு மாறிக்கொண்டே போகிறது. முழுதாகப் படுத்த நிலையில் மேலுடம்பு முழுவதையும் அதுதான் சுமக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 கிலோ குழந்தையின் மேலுடம்பு 7 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையின் மையம் சாய்மானத்தின் நடுவில் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சாய்மானம் கீழ் முனையில் ஒரு கீலில் திரும்புகிறது. அதன் மேல் விளிம்பைப் பிடித்து நேராக மேலே தூக்கினால் பாதி எடை, அதாவது மூன்றரை கிலோ அளவு விசை போதும். நடுவில் கையை வைத்துத் தள்ளினால் முழு 7 கிலோவையும் தூக்கும் விசை வேண்டும். கீலிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுலபம்.

அதனால்தான் சாய்க்கும் பிடி சாய்மானத்தின் உச்சியில் இருக்கும் வண்டி ஒரு விதமாகவும், பாதி உயரத்தில் இருக்கும் வண்டி இன்னொரு விதமாகவும் கைக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கும் பொறி ஒன்றேயானாலும் இந்த வித்தியாசம் வரும். விளம்பரங்கள் இதைப் பேசுவதே இல்லை. எனக்கு இதுதான் முதலில் பார்க்க வேண்டிய விஷயமாகத் தோன்றுகிறது.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கிடந்த நிலையிலிருந்து தூக்கத் தொடங்கும் அந்த முதல் சில அங்குலம்தான் மிகக் கனமானது. நிமிர நிமிர கனம் குறையும்.

## நாடாவும் பூட்டும்

எடை குறைவான, குடைபோல் மடங்கும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர் அலுமினியக் குழாய்களால் மடக்கு வண்டியை வடிவமைத்ததிலிருந்து அந்த வகை உலகெங்கும் பரவியது. அதன் பலமே, எல்லாம் துணிபோலச் சுருங்கி ஒரு கட்டாக மடங்குவதுதான். அதற்குள் கனமான, விறைப்பான சாய்ப்புப் பொறிக்கு இடம் கொடுப்பது கடினம். நாடாவோ தானும் மடங்கிக்கொள்ளும்.

அமைப்பு இப்படி: சாய்மானத்தின் பின்பக்கத்தைச் சுற்றி ஒரு நாடா, வண்டியின் இருபுறச் சட்டங்களிலும் கட்டப்பட்டிருக்கும். நாடாவின் நீளம் கூடினால் சீட் சாயும், குறைந்தால் நிமிரும். நீளத்தைப் பிடித்து நிறுத்துவது நடுவில் உள்ள ஒரு பிளாஸ்டிக் பூட்டு. இரண்டு விரலால் அமுக்கினால் பிடி தளரும், விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நாடாவை மறுபடி நெருக்கிப் பிடிக்கும். இதை உராய்வுப் பூட்டு என்று சொல்லலாம். பல்லோ துளையோ இல்லாமல், வெறும் நெருக்கத்தாலேயே பிடித்து நிற்கும் பூட்டு.

இதனால் கிடைக்கும் பெரிய நன்மை, எந்தக் கோணத்திலும் நிறுத்தலாம் என்பது. ‘டக்’ என்ற சத்தமும் வராது. ஆனால் இறக்குவதற்கு ஒரு கை போதும், ஏற்றுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கை பூட்டைப் பிடிக்க, இன்னொரு கை நாடாவின் வாலை இழுக்க. ‘ஒரே கையால் சாய்க்கலாம்’ என்ற வரி இந்த வண்டிகளில் வந்தால், அந்த ஒரு கை இறக்குவதற்கான கை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நாடாவை இழுத்தே சாய்மானத்தைத் தூக்க முயல்கிறவர்கள்தான் ‘இது நகரவே மாட்டேங்குது’ என்று சலித்துக்கொள்கிறார்கள். நாடா மேலே பார்த்து இழுப்பதில்லை, பக்கவாட்டிலும் முன்னாலும் இழுக்கிறது. சாய்மானம் கிடந்த நிலையில், நாடாவுக்கும் அதற்கும் இடையே 30 பாகைக் கோணம்தான் இருக்கிறது என்றால், மேல் விளிம்பில் மூன்றரை கிலோவால் முடிந்த வேலைக்கு நாடாவில் 7 கிலோ இழுவிசை வேண்டியிருக்கும். பூட்டுக்குள் நடக்கும் உராய்வு அதற்கு மேல் தனி.

வழி எளிது. முன்கையையோ உள்ளங்கையையோ சாய்மானத்தின் பின்னால், முடிந்த அளவு மேலே கொடுத்து, முதலில் சாய்மானத்தைத் தூக்குங்கள். நாடா தொங்கித் தளர்ந்துவிடும். அப்புறம் அந்தத் தளர்வை மட்டும் இழுத்து எடுங்கள். இதற்குக் கொஞ்சமும் பலம் தேவையில்லை. நாடாவின் வேலை தூக்குவது இல்லை, தூக்கியதைப் பிடித்து வைப்பதுதான் என்று நினைத்துக்கொண்டால் கை தானாகப் பழகிவிடும். இறக்கும்போதும் இதே கதை: முதலில் கையால் எடையைத் தாங்கிக்கொண்டு, அப்புறம் பூட்டை அமுக்க வேண்டும். அமுக்கிவிட்டுப் பிடிக்கப் போனால் குழந்தையின் தலை ஒரே குலுக்கலில் பின்னால் போகும்.

## பல்லும் கொக்கியும்

சற்றுக் கனமான, முழு அளவு வண்டிகளில் சாய்மானத்தின் பின்னால் ஒரு லீவரோ அழுத்துபிடியோ இருக்கும். அதை அழுத்தினால் உள்ளே ஒரு கொக்கி பற்களிலிருந்து விலகும். விட்டால் அடுத்த பல்லில் போய் உட்காரும். பற்களும் அவற்றில் மாட்டும் கொக்கியும் சேர்ந்த இந்த அமைப்புக்கு ரேச்சட் என்று பெயர். எத்தனை பல்லோ அத்தனை நிலை. பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு.

ரேச்சட்டில் இரண்டு ரகம் உண்டு, வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒன்றில் பற்கள் ஒரு பக்கம் சரிந்திருக்கும். லீவரைத் தொடாமலே சாய்மானத்தை மேலே தள்ளினால் கொக்கி பல்மேல் வழுக்கி ஏறி, அடுத்த பல்லில் ‘டக்’கென்று விழும். இறக்க மட்டும்தான் லீவர். இன்னொன்றில் இரு திசைக்கும் லீவரை அழுத்தியே ஆக வேண்டும். அதாவது எடையைத் தாங்கிக்கொண்டே, விரல்களை மடக்கி, மேலேயும் தள்ள வேண்டும். முதல் ரகம் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கை வண்டியின் கைப்பிடியில் இருக்க, மறு கையால் குழந்தையை உண்மையிலேயே நிமிர்த்த முடிவது பெரும்பாலும் இதில்தான்.

இதிலும் குறை இல்லாமல் இல்லை. அந்த ‘டக்’ சத்தமும் அதோடு வரும் சிறு அதிர்வும் லேசாகத் தூங்கும் குழந்தையை எழுப்பப் போதும். இரண்டு பல்லுக்கு இடையே நிறுத்த முடியாது என்பதும் உண்மை. ஆனால் நடைமுறையில் இதைப் பெரிய குறையாக நான் நினைக்கவில்லை. தூங்க ஒரு நிலை, பாதிச் சாய்வு ஒன்று, நிமிர்ந்து வேடிக்கை பார்க்க ஒன்று. தினமும் திரும்பத் திரும்ப வேண்டியிருப்பது இவைதான். ‘எந்தக் கோணத்திலும் நிற்கும்’ என்பது கேட்க நன்றாக இருக்கிறது, அதற்காக ஏற்றுவதில் உள்ள சிரமத்தை விலையாகக் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

சில வண்டிகளில் இரண்டு பக்கமும் தனித்தனிக் கொக்கி இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும், இரண்டும் ஒரே பல்லில் மாட்டியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மாட்டி மறுபக்கம் மாட்டாமல் போனால் சீட் முறுக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே பிடி வைத்து, கம்பியால் இரு கொக்கிகளையும் இழுக்கும் வண்டிகளில் இந்தத் தொல்லை குறைவு.

ஜிப் வைத்த சீட்டுகளும் உண்டு. ஜிப்பைத் திறந்தால் சாய்மானத்துக்குப் பின்னால் மடித்து வைத்த துணி விரிந்து சீட் சாயும். மூட வேண்டுமானால் குழந்தையின் எடைக்கு எதிராக ஜிப்பை இழுக்க வேண்டும், நடக்கிற காரியமில்லை. ஒரு பயணத்தில் ஒரு முறைக்கு மேல் மாற்றப்போவதில்லை என்றால் பரவாயில்லை.

## சாய்வதும் சரிவதும்

இதுவரை சொன்னதெல்லாம் அடிப்பலகை அசையாமல் சாய்மானம் மட்டும் சாயும் வண்டிகள். இதை முதுகுச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். வேறு சில வண்டிகளில் சீட் முழுவதும் ஒரே கிண்ணம்போல் வார்க்கப்பட்டிருக்கும். சாய்க்கும்போது கிண்ணம் அப்படியே பின்னால் சரியும். முதுகுக்கும் தொடைக்கும் இடையிலுள்ள கோணம் மாறுவதே இல்லை. இதை முழுச் சரிவு என்போம்.

கைக்கு எது எளிது என்று கேட்டால், முழுச் சரிவுதான். அந்த சீட் பெரும்பாலும் குழந்தையின் எடை மையத்துக்குப் பக்கத்தில் திரும்புகிறது. முதுகு கீழே போகும்போது கால்கள் மேலே வருவதால், ஒரு பக்க எடை மறுபக்க எடையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும். பெரிய குழந்தை தூங்கினாலும் உச்சியிலுள்ள பிடியை ஒரு கையால் பிடித்து அசைக்க முடிவது இதனால்தான்.

குழந்தையின் உடம்புக்கு எது நல்லது என்பது வேறு கேள்வி. முதுகுச் சாய்வையும் முழுச் சரிவையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘இந்த வண்டியும் அதே அளவுக்குச் சாய்கிறதே’ என்று ஒப்பிடுகிறார்கள். ஒரு உதாரணம். இரண்டு வண்டிகளிலும் சாய்மானம் தரைமட்டக் கோட்டுக்கு 20 பாகை மேலே நிற்கிறது. முதல் வண்டி முதுகுச் சாய்வு வகை, அதன் அடிப்பலகை முன்பக்கம் 10 பாகை மட்டும் உயர்ந்திருக்கிறது. முதுகுக்கும் தொடைக்கும் இடையே 150 பாகை, குழந்தை ஏறக்குறைய நீட்டிப் படுத்திருக்கிறது. இரண்டாவது முழுச் சரிவு வகை, அதில் அந்தக் கோணம் எப்போதும் 110 பாகை. சாய்மானம் அதே 20 பாகையில் நிற்க வேண்டுமானால் தொடைகள் 50 பாகை மேலே தூக்கி நிற்கும். குழந்தை படுக்கவில்லை, உட்கார்ந்த வாக்கிலேயே மல்லாந்து கிடக்கிறது. நன்றாக உட்காரத் தெரிந்த குழந்தைக்கு இதில் தவறில்லை, சிலவற்றுக்கு அதுவே பிடிக்கும். பச்சிளம் குழந்தைக்கு அது சரிப்படாது.

ஆகவே ஒரு வண்டியின் விவரத்தில் பாகைக் கணக்கு கொடுத்திருந்தால், எதற்கும் எதற்கும் இடையிலான கோணம் என்று முதலில் கேளுங்கள். முதுகுக்கும் அடிப்பலகைக்கும் இடையிலானதா, முதுகுக்கும் தரைக்கும் இடையிலானதா? இது தெரியாமல் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

## பிறந்த குழந்தைக்கு இது வசதியின் விஷயம் இல்லை

ஐரோப்பாவில் தள்ளுவண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம் இஎன் 1888. பிறந்த நாள் முதல் பயன்படுத்தலாம் என்று சொல்லும் சீட்டில் முதுகுக்கும் அடிப்பலகைக்கும் இடையே குறைந்தது 150 பாகை விரியும் நிலை இருக்க வேண்டும் என்பது அதையொட்டிய வழக்கமான அளவுகோல். காரணம் உடலமைப்பில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, கழுத்துத் தசையோ பலமற்றது. நிமிர்ந்த சீட்டில் வைத்தால் தலை முன்னால் தொங்கித் தாடை மார்பில் படும். மென்மையான மூச்சுக்குழாய் மடங்கி மூச்சு தடைப்படலாம். சத்தமே இல்லாமல் நடக்கக் கூடியது இது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி சொல்வதும் இதையொட்டித்தான்: ஸ்ட்ரோலர், கார் சீட் போன்ற உட்கார வைக்கும் சாதனங்களில் பச்சிளம் குழந்தை தூங்கிவிட்டால், முடிந்த அளவு சீக்கிரம் சமதளமான, கெட்டியான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதல். எவ்வளவு நன்றாகச் சாயும் சீட்டும் படுக்கைக்கு மாற்று இல்லை. வண்டியில் மாட்டும் கார் சீட்டின் கோணமும் சாய்ப்பு லீவரால் மாறாது என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த வயதில் எளிதா கடினமா என்று பார்க்காமல், படுக்குமா படுக்காதா என்று மட்டும் பாருங்கள். நன்றாக உட்காரத் தொடங்கிய பிறகுதான், அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்துக்குப் பிறகு, சாய்ப்பின் வசதி பெரிய விஷயமாகிறது. அப்போதுதான் எடையும் கூடத் தொடங்கும்.

## வாங்கும்போது எப்படிச் சோதிப்பது

காலி சீட்டை ஆட்டிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். பிரேக்கைப் போட்டு, பத்துக் கிலோ அளவு எடையுள்ள ஒரு பையை சாய்மானத்தோடு சேர்த்து பெல்ட்டால் கட்டுங்கள். சீட்டை முழுதாகச் சாய்த்துவிடுங்கள். இப்போது ஒரு கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு மறு கையால் நிமிர்த்திப் பாருங்கள். முடிகிறதா? குலுங்குகிறதா? லீவரைத் தொடாமல் மேலே தள்ளினால் ஏறுகிறதா? ஐந்து நிமிட வேலை. இதைச் செய்தால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்கவே வேண்டியதில்லை.

சீட்டைத் திருப்பி மாட்டும் வசதி இருந்தால், குழந்தை நம்மைப் பார்க்கும் நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். அந்த நிலையில் சாய்மானத்தின் பின்பக்கம் நமக்கு எதிர்ப்புறம் போய்விடும். பின்னால் கைக்கு எட்டிய லீவருக்கு இப்போது வண்டியைச் சுற்றி முன்னால் போக வேண்டியிருக்கலாம். பிடி உச்சியின் நடுவில் இருந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டும்.

யார் அதிகம் தள்ளப் போகிறார்களோ அவர் கையால் சோதிப்பது அவசியம். பிரசவத்துக்குப் பிறகு, குழந்தையைத் தூக்கித் தூக்கி, பல தாய்மார்களுக்குப் பெருவிரல் பக்கத்து மணிக்கட்டில் கடும் வலி வருகிறது. பெருவிரலால் கிள்ளி அமுக்கும் நாடாப் பூட்டு அந்தக் கைக்குத் தண்டனை. உள்ளங்கை முழுவதும் வைத்து அழுத்தும் அகலமான பிடி எவ்வளவோ மேல். தாத்தா பாட்டிதான் அழைத்துப் போவார்கள் என்றாலும் இதையேதான் சொல்வேன்.

## சாய்த்ததும் மாறிவிடும் மற்றவை

சாய்மானம் நகர்ந்தால் தோள் பெல்ட்டின் இறுக்கமும் மாறலாம். ஒவ்வொரு முறை சாய்த்த பிறகும் நிமிர்த்திய பிறகும் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். தூங்குகிறதே என்று பெல்ட்டை அவிழ்த்துவிடுவது வேண்டாம். சாய்ந்த நிலையில் குழந்தை மெதுவாகக் கீழே வழுக்கும், முன் கம்பிக்கும் சீட்டுக்கும் இடையே உடம்பு இறங்கித் தலை சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்மையானது.

எடை பின்னால் போவதால் வண்டியும் பின்னால் சாயத் தயாராக நிற்கும். நிமிர்ந்த நிலையில் கைப்பிடியில் தொங்கிய பை அப்போது ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கலாம். சாய்த்த பிறகு அதே பை வண்டியைக் கவிழ்க்கப் போதும். பையைக் கீழ்க்கூடையில் வையுங்கள். அதையும் சாய்ப்பதற்கு முன்பே வைக்க வேண்டும், ஏனென்றால் முழுதாகச் சாய்ந்த சீட் பல வண்டிகளில் கூடையின் வாயை மறைத்துவிடும். கீல் இருக்கும் இடத்தில் குழந்தையின் விரல் இல்லை என்பதையும் ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

## பிடி தளரத் தொடங்கினால்

நாடா நாள்பட வழவழப்பாகும், பூட்டின் ஸ்பிரிங்கும் சோர்ந்துபோகலாம். நிமிர்த்திவிட்டு நடந்தால் கொஞ்ச தூரத்திலேயே சீட் தானாகப் பின்னால் இறங்கியிருந்தால் அதுதான் அறிகுறி. முதலில் நாடாவை ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள், அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்கூட வழுக்க வைக்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால் பூட்டையோ நாடாவையோ மாற்ற வேண்டியதுதான். முடிச்சுப் போட்டுச் சமாளிப்பவர்கள் உண்டு. முடிச்சு இருந்தால் அவசரத்துக்கு சீட்டைச் சாய்க்க முடியாது, எடை ஏற ஏற அது இறுகி அவிழ்க்கவும் வராது. நாடாப் பூட்டுக்கு எண்ணெய் போடவே கூடாது, அது உராய்வால் பிடிப்பது.

ரேச்சட்டில் பிரச்சினை வேறு மாதிரி வரும். மணலும் பிஸ்கட் தூளும் பற்களுக்கிடையே சேர்ந்து, கொக்கி முழுதாக இறங்காமல் பல்லின் நுனியில் நிற்கும். மாட்டியதுபோலத் தெரிந்தாலும், ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் விடுபட்டுவிடும். சாய்த்து முடித்ததும் சாய்மானத்தைக் கையால் ஒருமுறை கீழே அழுத்திப் பாருங்கள், உறுதியாக நின்றால் சரி. இல்லையென்றால் காய்ந்த பிரஷ்ஷால் பற்களைச் சுத்தம் செய்து, மறுபடி அழுத்திப் பார்த்த பிறகே குழந்தையை உட்கார வையுங்கள்.